பின்னிருக்கையில் அம்மா இருக்கிறார்!

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சுமார் 350 கிலோமீட்டர் பயணம். கார் ஒவ்வொரு மேட்டில் ஏறி இறங்கும்போதும் பின்னிருக்கையில் அம்மா, "ஐயோ, இடுப்பு!" என்கிறாரா? அப்சார்பரைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது அப்சார்பர். உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிச் செல்வதால் துள்ளல் தணிகிறது. அப்சார்பர் பழுதானால் குலுக்கல் மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. டயரின் சாலைப்பிடிப்பு குறையும். பிரேக் போட்டாலும் கார் நிற்கக் கூடுதல் தூரம் ஆகலாம்.

எண்ணெய்க் கசிவு, மேட்டைத் தாண்டிய பின்னும் நிற்காத ஆட்டம், பிரேக் போடும்போது முன்பக்கம் அதிகம் தாழ்வது, டயர் திட்டுத் திட்டாகத் தேய்வது ஆகியவை அறிகுறிகள்.

உடனே பணத்தைச் செலவழிக்க வேண்டாம். முதலில் டயரில் காற்றைச் சரிபாருங்கள். காற்று அதிகமானாலும் கார் தூக்கிப்போடும். அப்புறம் பட்டறையில் புஷ், மவுண்டிங் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுவதென்றால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிறகு அலைன்மென்ட்டையும் சரிபாருங்கள். 'ஸ்போர்ட்' ரகம் வளைவுகளில் காரை உறுதியாக வைத்திருக்கும். ஆனால் சாலையில் உள்ள குழியையெல்லாம் இடுப்புக்குச் சொல்லிவிடும். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் அப்படித்தான். குடும்பக் காருக்கு, அந்த மாடலுக்கே உரிய சொகுசு ரகம் போதும்.

அடுத்த பயணத்தில் ஊர் வந்ததுகூடத் தெரியாமல் அம்மா தூங்கினால், செய்த செலவு வீண்போகவில்லை!