இதயத்தில் கோளாறு, தோளில் வலி: மூளை ஏன் இடம் மாற்றிக் காட்டுகிறது?

சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு நடந்துவரும் தமிழ்நாட்டுப் பக்தர்களுக்கு, கடைசிச் சோதனை மலைப்படிகள்தான். அலிபிரிப் பாதையில் மட்டும் சுமார் 3,550 படிகள். ஏறும்போது ஒருவருக்கு மேல்வயிறு கனக்கிறது, இடது தோள் இழுக்கிறது, தாடை கடுக்கிறது. "வாய்வுப் பிடிப்பு, சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் உடன் வருபவர்கள். அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

காலில் முள் தைத்தால், கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைத் தொட்டுவிடலாம். தோலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் தனி இடம் உண்டு. உள்ளுறுப்புகளுக்கு அவ்வளவு துல்லியம் இல்லை. தண்டுவடத்துக்கு வரும் உணர்வு இழைகளில் அவற்றின் பங்கு மிகக் குறைவு.

ஒரே வழியில் இரு செய்திகள்

இதயத்தின் வலிச் செய்தி தண்டுவடத்தின் மேல்மார்புப் பகுதியில் நுழைகிறது. மார்புத் தோலிலிருந்தும் கையின் உட்புறத்திலிருந்தும் வரும் நரம்புகள் சேருவதும் அங்கேதான். பல சமயம் அதே நரம்பணுக்களில்தான். அந்த வழியில் தோல், தசைச் செய்திகளையே பெற்றுப் பழகிய மூளை, கைதான் வலிக்கிறது என்று முடிவுசெய்கிறது. எந்த உறுப்பின் நோய் எந்தத் தோல் பரப்பில் தெரியும் என்பதை ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஹெட் 1893-லேயே விரிவாக எழுதினார்.

பித்தப்பை வலி வலது தோள்பட்டையில் தெரிவதும், சிறுநீரகக் கல்லின் வலி விலாவிலிருந்து அடிவயிறுவரை இறங்குவதும் இப்படித்தான். குடல்வால் அழற்சி முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். வீக்கம் வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகே வலி வலது அடிவயிற்றில் நிலைக்கும். அந்தச் சுவரின் நரம்புகளுக்கு இடம் தெரியும்.

உள்ளுறுப்பு வலி, உணர்ச்சியையும் உடலின் தன்னியக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளையும் எட்டுகிறது. அதனால்தான் வியர்வை, குமட்டல், இனம்புரியாத பயம் எல்லாம் கூடவே வருகின்றன. நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்பு பழுதானவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம்.

என்ன செய்யலாம்?

இதய நோயாளிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் நடந்து மலையேற வேண்டாம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவுறுத்துகிறது. நடைபாதையில் 1,500-ஆவது படி, காலி கோபுரம், பாஷ்யகாரர் சன்னிதி ஆகிய இடங்களில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு உண்டு. திருமலையில் அஸ்வினி மருத்துவமனையும், கீழே திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கின்றன.

படியேறும்போது தொப்புளுக்கு மேல், தாடைவரை எங்கே புதிதாக வலியோ அழுத்தமோ வந்தாலும் உடனே உட்கார்ந்துவிடுங்கள், 108-ஐ அழையுங்கள். ஓய்வெடுத்ததும் வலி தணிந்தால், அதுவே இதயம் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம், மேலே ஏறாதீர்கள். வாய்வா, மாரடைப்பா என்பதை வலிக்கும் இடத்தை வைத்து நாமே தீர்மானிக்கக் கூடாது. இசிஜி எடுத்து மருத்துவர் சொல்லட்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை அழிகிறது. தரிசனத்துக்கு இன்னொரு நாள் வரலாம்.