உறைந்த ஏரியில் கார் ஸ்டீரியோ

ஜனவரி பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிகளின் மேலேயே ஊர் முளைத்துவிடும். மில் லாக்ஸ், அப்பர் ரெட் லேக், லேக் ஆஃப் தி வுட்ஸ் போன்ற பெரிய ஏரிகள் கெட்டியாக உறைந்ததும் சிறு சிறு குடில்களை இழுத்து வந்து நிறுத்துவார்கள். பலகைக் குடிலும் உண்டு, தகரக் குடிலும் உண்டு. தரைப் பலகையில் ஒரு வட்டத் துளை, அதற்கு நேர் கீழே பனிக்கட்டியில் ஒரு துளை, அதற்குள் தூண்டில் நூல். வால்ஐ மீன் கடிக்கிறவரை அங்கே வேறு வேலை கிடையாது. பொழுது போக வேண்டாமா? பழைய காரிலிருந்து கழற்றிய ஸ்டீரியோ குடிலுக்கு வருவது அப்படித்தான். ஏரி நடுவே கரண்ட் இல்லை. கார் ஸ்டீரியோவோ 12 வோல்ட் பேட்டரி இருந்தால் பாடிவிடும்.

காருக்குள் இருந்தபோது அதற்குப் பல வேலைகளைக் காரே பார்த்துக்கொண்டது. ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருந்தது. இரும்பு பாடி நெகட்டிவ் ஒயராகவும் இருந்தது, ஏரியலுக்குத் துணையாகவும் இருந்தது. கதவு ஸ்பீக்கருக்குப் பெட்டி ஆனது. சாவி சுவிட்ச் ஆனது. பலகைக் குடிலில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நாம்தான் மாற்று செய்ய வேண்டும்.

முதலில் ஒயர்கள். கடையில் தனியாக விற்கும் ஸ்டீரியோக்களில் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய ஒயர். கடிகாரமும் சேமித்த ஸ்டேஷன்களும் அதை நம்பி இருக்கின்றன. சிவப்பு, சாவி திருப்பினால் உயிர் பெறுவது. கருப்பு, நெகட்டிவ். காருடன் வந்த கம்பெனி செட்டில் நிறம் மாறும் என்பதால் அதன் வரைபடத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள். குடிலில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி ஒரு சுவிட்ச் வழியாக பாசிட்டிவுக்குக் கொண்டுபோவதே என் கட்சி. அணைத்தால் கடிகாரம் அழியும், அழியட்டும். வாரக்கணக்கில் ஆள் வராத குடிலில் பேட்டரி சொட்டுச் சொட்டாக வடிவதைவிட அது மேல்.

கருப்பு ஒயரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காரில் பாடி எர்த் கொடுத்த பழக்கத்தில் பக்கத்து ஆணியில் சுற்றிவிட்டால் செட் உயிர் பெறாது. மரத்தில் மின்சாரம் ஓடாது. கருப்பு ஒயர் பேட்டரியின் நெகட்டிவ் முனை வரை போய்ச் சேர வேண்டும். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், செட்டின் கையேடு சொல்லும் அளவில் ஒரு பியூஸ். பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். செட்டின் முதுகிலேயே பியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவில் எங்காவது ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனால் அந்த பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. பலகைக் குடிலில் அதன் விளைவு தீ.

ஸ்பீக்கர் ஒயர்கள் ஜோடி ஜோடியாக வரும், கருப்புக் கோடு போட்டது நெகட்டிவ். இந்த நெகட்டிவ்களை ஒன்றோடொன்றோ, பேட்டரி நெகட்டிவோடோ சேர்க்கவே கூடாது. சேர்த்தால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. புகைந்துவிடும். ஸ்பீக்கரில் எது பாசிட்டிவ் என்ற அடையாளம் அழிந்திருந்தால் ஒரு டார்ச் செல்லை இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு முன்னால் தள்ளினால், செல்லின் பாசிட்டிவ் தொட்ட முனையே பாசிட்டிவ். ஒரு ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்துவிட்டாலும் பாட்டு கேட்கும், ஆனால் அடிச்சத்தம் சோகையாக இருக்கும். ஸ்பீக்கரைப் பெட்டி இல்லாமல் மாட்டினாலும் இதே கதிதான், முன்னால் வரும் ஒலியைப் பின்னால் வரும் ஒலி அழித்துவிடும். ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி அடித்தால் போதும். காகிதக் கூம்பு ஈரத்தை உறிஞ்சும். படகுகளுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கூம்பு ஸ்பீக்கர் கூடுதல் நாள் உழைக்கும்.

இனி பேட்டரி. கார் பேட்டரி ஒரே மூச்சில் இன்ஜினைக் கிளப்பச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் வடிப்பதற்கு டீப் சைக்கிள் பேட்டரிதான் சரி. ஆனால் குளிர் அதையும் தின்றுவிடும். மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய பாதி. நூறு ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் கெடாமல் இருக்க அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம் என்றால் மிச்சம் இருபத்தைந்து. நடுத்தர சத்தத்தில் செட் இரண்டு ஆம்பியர் இழுத்தால் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு. பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று இருப்பது உச்சக் கணக்கு, அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். மீனைக் காட்டும் ஃபிளாஷர் கருவியின் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஸ்டீரியோவையும் தொங்கவிடுவது இரண்டையும் கெடுக்கிற வேலை.

முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. முற்றிலும் வடிந்ததோ மைனஸ் 10-ஐ ஒட்டியே உறைந்து, கூடு வெடித்துவிடும். அதனால் காலியான பேட்டரியை இரவு ஏரியில் விடக்கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினால் எடை குறையும், குளிரிலும் பாடும். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும், வீட்டுக்குக் கொண்டுவந்து சூடேறிய பிறகுதான் ஏற்ற வேண்டும். ஈய-அமில பேட்டரியையும் குடிலுக்குள் சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்திலேயே ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த ஹீட்டர்தான் ஸ்டீரியோவுக்கும் எதிரி. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கும். அது போய்ப் படிவது குளிர்ந்த உலோகத்தின் மேல், அதாவது செட்டின் மேலும் ஒயர் இணைப்புகளின் மேலும். இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். செட்டை ஹீட்டருக்கு எதிர்ப்பக்கச் சுவரில், இடுப்புக்கு மேலே மாட்டுங்கள். கழற்றக்கூடிய முகப்பு உள்ள செட் என்றால் முகப்பைக் கோட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். உறைகுளிரில் திரை எழுத்துகள் மந்தமாகத்தான் நகரும். அதே ஹீட்டர் கார்பன் மோனாக்சைடும் விடும். வாசனையே இல்லாத அந்த விஷத்துக்கு அலாரம் மாட்டாத குடிலில் ஸ்டீரியோ மாட்டுவது வீண் ஆடம்பரம்.

ரேடியோவும் வேண்டுமென்றால் ஏரியல் தேவை. எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, 75 சென்டிமீட்டர் ஒயர் ஒன்று போதும். தகரம் போர்த்திய குடில் என்றால் அதை வெளியே விட வேண்டும், உள்ளே கரகரப்புதான் மிஞ்சும். அமெரிக்காவின் வானிலை ஒலிபரப்பு 162 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, சாதாரண கார் செட் அதை எடுக்காது. படகு ஸ்டீரியோக்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. ஏரியில் இரவு தங்குகிறவர்கள் அதற்காகவே அவற்றைத் தேடி வாங்கலாம்.

பாட்டுச் சத்தத்தில் மீன் ஓடிவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காற்றில் வரும் ஒலியில் ஏறக்குறைய முழுவதும் பனிப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். பேச்சும் மெல்லிய பாட்டும் மீனுக்கு எட்டுவது அரிது. தரைப் பலகையில் திருகிய ஸ்பீக்கர் கதை வேறு. அதன் அடிச்சத்தம் பலகை வழியாகப் பனிக்கட்டிக்கும் அங்கிருந்து தண்ணீருக்கும் இறங்கும், மீன்களுக்கு நன்றாகக் கேட்பதும் அந்தத் தாழ்ந்த ஒலிதான். ஸ்பீக்கரைச் சுவரில், பின்னால் ஒரு ரப்பர் துண்டு வைத்து மாட்டி, பேஸைக் குறைத்து வையுங்கள்.