ஈமெயில் கோர்ட்டில் சாட்சி சொல்லுமா?

ஈமெயிலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் கோர்ட் ஏற்றுக்கொள்ளுமா? தூத்துக்குடியில் வக்கீல் தொழில் செய்யும் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வழக்குக்குத் தேவையான மெயில், பைல், மெசேஜ் போன்றவற்றைத் தேடி எடுத்து, கெடாமல் பாதுகாத்து, எதிர்த்தரப்புக்கும் கோர்ட்டுக்கும் கொடுக்கும் வேலைக்கு எலெக்ட்ரானிக் டிஸ்கவரி என்று பெயர். சுருக்கமாக இ-டிஸ்கவரி. என் தொழிலில் பாதி இப்போது இதுதான்.

கருவாட்டு அண்ணாச்சியின் கதை

கொழும்புக்குக் கருவாடு அனுப்பும் ஒரு அண்ணாச்சி என்னிடம் வந்தார். சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. வாங்கியவரோ, "நீங்கள் மெயிலில் சொன்ன புது வங்கிக் கணக்கில் கட்டிவிட்டேனே" என்கிறார். அண்ணாச்சி அப்படி ஒரு மெயிலே அனுப்பவில்லை.

"உங்க கம்ப்யூட்டரை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"வைரஸா இருக்கும்னு பையன் நேத்தே ஃபார்மட் அடிச்சிட்டான் வக்கீல் சார்!"

அவருடைய மெயில் முழுவதும் அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது. யார், எப்படி உள்ளே நுழைந்தார்கள் என்பதற்கான தடயமும் அதோடு போயிற்று.

மிச்சம் இருந்தது கொழும்பில் இருந்த மெயில் மட்டுமே. அவர்கள் முதலில் அனுப்பியது ஸ்கிரீன்ஷாட். அதில் அண்ணாச்சியின் பெயர் மட்டும் தெரிந்தது. ஃபார்வர்டு செய்தாலும் பயனில்லை. பழைய ஹெடர் போய்விடும். மெயிலை அப்படியே பைலாகச் சேமித்து அனுப்பச் சொன்னேன். திறந்து பார்த்தால், பெயர் அதேதான். முகவரியில் ஒரே ஒரு எழுத்து வேறு!

ஹெடர் என்பது என்ன?

தபால் உறையின் மேல் ஒவ்வொரு தபால் நிலையமும் முத்திரை குத்துவது போல, மெயில் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் ஹெடரில் எழுதுகிறது. இதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழ் வரிகளை மோசடிக்காரர் போலியாக எழுத முடியும். நம்முடைய சர்வர் எழுதிய மேல் வரிகளை அவரால் தொட முடியாது. ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்வு செய்தால் ஹெடரைப் பார்க்கலாம். அங்கேயே டவுன்லோடும் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்தது. அதன் மூலம் சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கம்ப்யூட்டர் பதிவின் நகலைச் சான்றிதழுடன் கொடுத்தால் சாட்சியமாகும் என்பதே அதன் சாரம். 2004-ல் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில், யாஹூ குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவர் தண்டிக்கப்பட்டார். அந்தப் பக்கங்களுக்குச் சான்றளித்தவர் சைபர் சட்ட நிபுணர் நா.விஜயசங்கர்.

சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அன்வர் வழக்கில் சொன்னது. 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63-வது பிரிவின்படி சான்றிதழில் இரண்டு பகுதிகள். ஒன்றில் பதிவைக் கொடுப்பவரும் மற்றொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும்.

கன்டெய்னர் சீலும் ஹேஷும்

எங்கள் துறைமுகத்தில் கன்டெய்னரைப் பூட்டி, எண் உள்ள சீல் போடுவார்கள். போய்ச் சேரும் இடத்தில் அதே எண் அறுபடாமல் இருந்தால், நடுவில் யாரும் திறக்கவில்லை என்று பொருள். ஹேஷ் என்பது பைலுக்குப் போடும் சீல். எஸ்எச்ஏ-256 முறையில் எவ்வளவு பெரிய பைலுக்கும் 64 எழுத்து கொண்ட ஒரு மதிப்பு கிடைக்கும். பைலில் ஒரு புள்ளி மாறினாலும் மதிப்பு முற்றிலும் மாறிவிடும். சும்மா காப்பி செய்தால் மாறாது. செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* தகராறு என்று தெரிந்ததும் எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.
* ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் அசல் பைலையும் சேமியுங்கள்.
* போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு ஹேஷ் மாறிவிடும். பென்டிரைவில் காப்பி செய்யுங்கள்.
* பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

இந்தத் துறைக்கு வர விரும்புகிறீர்களா?

அமெரிக்காவில் 2006 டிசம்பர் முதல் சிவில் விதிகளிலேயே இ-டிஸ்கவரி இடம்பெற்றுள்ளது. இந்தியாவிலும் 2015-ன் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குப் பிறகு, வணிக வழக்குகளில் எலெக்ட்ரானிக் பதிவுகளையும் இரு தரப்பும் வெளிப்படுத்த வேண்டும். சட்டப் படிப்போடு ஹெடர், லாக், பேக்கப் பற்றிய அறிவும் இருந்தால் வேலை உண்டு. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஆயிரம் மெயில்களைப் பொறுமையாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

அண்ணாச்சியின் கதை எப்படி முடிந்தது? அந்த ஒரு எழுத்தைக் காட்டியதும் கொழும்புக்காரர் இறங்கிவந்தார். ஆனால் தகவல் கசிந்தது தன் பக்கத்திலிருந்து அல்ல என்று நிரூபிக்க அண்ணாச்சியிடம் கம்ப்யூட்டர் இல்லை. பாதிப் பணத்துக்குச் சமரசம் ஆனது. மீதிப் பாதி அந்த ஃபார்மட்டோடு போனது.