செடிகள் இலை உதிர்ப்பது ஏன்?
தோட்டச் செடிக்கும் விறாந்தைச் சாடிச் செடிக்கும் ஏற்ற பராமரிப்பு

மாலையில் பசுமையாய் நின்ற மிளகாய்ச் செடியின் அடியில் காலையில் இலைகள் கொட்டிக் கிடக்கக் கண்டால், நாம் உடனே செய்வது ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதே. சில வேளைகளில் செடி அதனாற் பிழைக்கும். பல வேளைகளில் அதனாலேயே மாளும். ஆகவே, நீர் ஊற்றுமுன் இலை உதிர்ந்த காரணத்தை அறிதல் வேண்டும்.

இலை உதிரும் விதம்

இலை காற்றினால் மாத்திரம் பிய்ந்து விழுவதில்லை. செடியே அதனைக் கழற்றி விடுகிறது. இலைக்காம்பு தண்டுடன் சேருமிடத்தில் மெல்லிய படை ஒன்று உண்டு. இலை நலமாயிருக்கும்வரை அதில் உண்டாகும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் காம்பின் வழியே வந்து அப்படையைப் பிரியாது காக்கும். வேருக்கோ இலைக்கோ துன்பம் நேர்ந்தால் ஒட்சின் குறைந்து, எதிலீன் என்னும் வாயு மிகும். அப்போது அப்படை நெகிழ்ந்து பிரிய, இலை விழும்.

வாழைக்குலையைப் புகையிட்டுப் பழுக்க வைப்போருக்கு இவ்வாயுவின் வேலை தெரிந்ததே. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கு வாயுக் குழாய்கள் கசிந்தபோது அயலிலுள்ள மரங்கள் இலை உதிர்த்தன. அவ்வாயுவில் செடிகளைத் தாக்கும் பொருள் எதிலீனே என்பதை 1901இல் நெல்யுபோவ் என்னும் ரஷ்ய அறிஞர் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு காட்டினார். எனவே, இலையுதிர்வு தனி நோயன்று; துன்பம் ஒன்றின் அறிகுறியே என்பதை மனத்திற் கொள்க.

1. நீர் மிகுதி

படுவான்கரையில் வேளாண்மை செய்வோர் நெற்பயிர் வாரக்கணக்கில் நீரில் நிற்பதைக் கண்டு பழகியவர்கள். நெல்லின் தாளிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. அவற்றின் வழியே இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அத்தகைய வசதி இல்லை. மண்ணிலுள்ள துளைகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு முட்டும், அழுகும், நீரை உறிஞ்சும் வலிமையை இழக்கும். நீர் நடுவே நின்றும் செடி வாடுவது இதனாலேயே. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள மாரியில் தோன்றும் இலையுதிர்வுக்கு இதுவே முதற் காரணமாகும்.

2. நீர்க்குறைவும் கச்சான் காற்றும்

சிறுபோகக் காலத்தில் வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் உடையது. எழுவான்கரை மணல் நீரைத் தாங்கி வைப்பதில்லை. வேர் கொடுப்பதிலும் மிகுதியான நீரை இலை இழக்கும்போது, செடி கீழிலைகளை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பூவும் பிஞ்சும் உடன் உதிரக்கூடும்.

3. உவர் நீர்

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில், மழையால் ஊறிய நன்னீர் அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயர்ந்திருப்பின், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அம்மட்டத்தைத் தாழ்த்துமளவுக்கு இயந்திரத்தால் இறைத்தால் உப்புநீர் மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உவர்ப்பான கரையோரக் கிணறுகளிலும், அளவுமீறி இறைப்பது தீமையே தரும் என்பதும் மழைநீர் ஊறிக் கழுவுதலே உறுதியான மருந்து என்பதும் அறியப்பட்டன.

உவரைத் தாங்குந்திறன் பயிருக்குப் பயிர் வேறுபடும். மண்ணின் உவர் அளவு 3 டெசிசீமனைத் தாண்டும்போதே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு அவ்வெல்லை 1.5, போஞ்சிக்கு 1 மாத்திரமே. ஆதலால், வயலுக்கு ஏற்ற நீர் தோட்டத்திற்கும் ஏற்றது எனக் கொள்ளற்க.

4. இடமாற்றமும் ஒளிக்குறைவும்

முற்றத்து வெயிலில் வளர்ந்த சாடிச் செடியைத் திடீரென வீட்டினுள் வைத்தால், நிழலுக்குப் பழகாத இலைகள் உதிரும். நிழலிற் செடி உறிஞ்சும் நீரும் குறையும். வழக்கம்போல் நீர் ஊற்றினால் சாடியும் சேறாகும். கனியும் வாழைக்குலையின் அருகில் சாடியை வைப்பதும் நன்றன்று.

காரணத்தை அறியும் முறை

வேரருகே மண்ணை விரலால் இரண்டு அங்குலம் கிளறிப் பாருங்கள்.

அ. மண் உலர்ந்து, கீழிலைகள் முதலில் விழுந்தால்: நீர்க்குறைவு.
ஆ. மண் ஈரமாயிருந்து செடி வாடினால்: வேரில் மூச்சுமுட்டல் அல்லது அழுகல்.
இ. இலை நுனியும் விளிம்பும் கருகி, மண்மேல் வெண்படை தோன்றினால்: உவர்.
ஈ. முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளித்து விழுந்தால்: தழைச்சத்துக் குறைவு.
உ. இலை பச்சையாயிருக்கும்போதே செடி முழுவதும் சடுதியாக வாடினால்: அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்க விடுக. வெட்டுவாயிலிருந்து பால்போன்ற இழை இறங்கினால் அது பற்றீரியா வாடல் நோய். அச்செடியை வேருடன் அகற்றி எரித்து, அவ்விடத்தில் மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றைத் தவிர்த்துச் சோளம் போன்ற தானியப் பயிரிடுக.

செய்ய வேண்டியவை

1. மாரியில் ஓரடி உயரப் பாத்தி அமைத்து, இடையே வடிகால் வெட்டுக.
2. கோடையில் காலையிலேயே நீர் இறைக்க. அறுவடைக்குப் பின் வைக்கோலை எரித்து விடாது, செடியடியில் மூடாக்காக இடுக. மேற்குப் பக்கத்தில் கிடுகு வேலியோ கிளிசீரியா வேலியோ அமைத்துக் கச்சானைத் தடுக்க.
3. கிணற்றில் ஒரே மூச்சில் இறைக்காது, சிறிது சிறிதாக, இடைவிட்டு இறைக்க. உவர் ஏறிய மண்ணை, நன்னீர் கிடைக்கும்போது ஆழ நனைத்துக் கழுவுக. நன்கு மக்கிய எரு சேர்க்க.
4. வாடி நிற்கும் செடிக்கு இரசாயனப் பசளை இடற்க. அதுவும் ஓர் உப்பே. நலிந்த வேரை மேலும் வருத்தும்.
5. சாடியின் அடியில் துவாரம் இருத்தல் வேண்டும். கீழ்த்தட்டில் நீர் தேங்கலாகாது. சாடியை உள்ளே கொணர்வதாயின் முதலில் விறாந்தையிலும், சில நாட்களின் பின் சாளரத்தருகிலுமாகப் படிப்படியாக நகர்த்துக.

இலை முழுவதும் உதிர்ந்த செடியையும் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். தண்டை நகத்தாற் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தென்பட்டால் உயிர் உண்டு. காரணத்தை நீக்கினால் மீண்டும் துளிர்க்கக்கூடும். ஐயம் நீங்காவிடில், வாடிய செடி ஒன்றை வேர்மண்ணுடன் எடுத்துச் சென்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுவீர்களாக.