கடனாக வாங்கிய படுக்கை விரிப்புகள்

1944 டிசம்பரில், பெல்ஜியம் நாட்டின் பாஸ்டோன் நகரை ஜெர்மன் படை சுற்றி வளைத்தது. உள்ளே சிக்கிய அமெரிக்க வீரர்கள் உறைந்த மண்ணில் குழி தோண்டி, இரவு பகலாகக் காவல் காத்தனர். பலரிடம் குளிருக்கேற்ற உடைகூட இல்லை. ஈரக் காலுறையை மாற்றாவிட்டால் பாதமே அழுகிவிடும்! வெண்பனியில் அவர்களுடைய சீருடை பளிச்சென்று தெரிந்ததால், எதிரிக்குக் குறிபார்ப்பது எளிது. ஹெம்ரூல் என்ற கிராமத்தில் இருந்த மேஜர் ஜான் ஹான்லன், ஊராரிடம் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கடனாகக் கேட்டார். அள்ளிக் கொடுத்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் அது சின்ன விஷயமா, சொல்லுங்கள்? வீரர்கள் அவற்றைப் போர்த்திக்கொண்டு பனியோடு பனியானார்கள். டிசம்பர் 26-ல் முற்றுகை உடைந்தது. விரிப்புகள் திரும்பவில்லை. ஹான்லன் மறக்கவில்லை. 1948-ல், அமெரிக்காவில் தன் ஊரார் சேர்த்துத் தந்த விரிப்புகளுடன் ஹெம்ரூலுக்கே வந்து நின்றார்!