டிரெய்லர் பிரேக் விளக்கு: பல்பை மாற்றும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆலைச் சாலைகளில் இரவு முழுவதும் டிராக்டர்கள் ஓடும். பாரம் ஏற்றிய டிரெய்லர் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும், பின்னால் பைக் 60-ல் வரும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் விநாடிக்கு 11 மீட்டர் குறைகிறது. பனி நேரத்தில், விளக்கு இல்லாத டிரெய்லர் கண்ணில் படுவதற்குள் மோதல் நடந்துவிடும்.

“விளக்கு மாட்டினேன் சார், இரண்டே நாளில் போய்விட்டது” என்று பல விவசாயிகள் சொல்கிறார்கள். பெரும்பாலும் பல்பின் மீது குற்றம் இருக்காது. ஒயர் போட்ட விதத்தில்தான் இருக்கும்.

முதல் தவறு எர்த். ஒயர் மிச்சம் பிடிக்க, டிரெய்லரின் இரும்புச் சட்டத்தையே எர்த்தாக வைத்துவிடுகிறார்கள். அப்படியானால் மின்சாரம் டிராக்டருக்குத் திரும்ப, இரண்டையும் இணைக்கும் பின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கிரீஸும் துருவும் மண்ணும் இருக்கும். வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். விளக்கு மங்கும், பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு ஒயரை டிரெய்லர் சட்டத்தில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் தொட்டுப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான்.

எனவே எர்த்துக்குத் தனி ஒயர் வேண்டும். 21 வாட் பிரேக் பல்பு இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுக்கும். இதற்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். எல்லா விளக்குகளின் மின்சாரமும் எர்த் வழியே திரும்புவதால் அதை மட்டும் 2.5 ஆகப் போடுங்கள். ஸ்பீக்கர் ஒயர் வேண்டாம்.

7 பின் சாக்கெட்டில் வழக்கமான வரிசை இது: 1 இடது இண்டிகேட்டர், 4 வலது இண்டிகேட்டர், 3 எர்த், 6 பிரேக், 5 வலது பின்விளக்கு, 7 இடது பின்விளக்கு. பழைய வண்டியில் யாராவது மாற்றிக் கட்டியிருக்கலாம். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள்.

அடுத்தது, ஒயரைக் கட்டுவது. சட்டத்தின் உட்புறமாக நெளிவு பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டு, அடிக்கு ஒரு கிளாம்ப் போட வேண்டும். இரும்பில் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் புஷ் இல்லாவிட்டால், ஒரே சீசனில் விளிம்பு ஒயரை அறுத்துவிடும். டிப்பர் என்றால், தூக்கும் தொட்டியில் ஒயரைக் கட்டவே கூடாது, அடிச்சட்டத்தோடு போகட்டும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே, வண்டியை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். ஆனால் தரையில் உரசவோ, பி.டி.ஓ. தண்டில் சுற்றவோ கூடாது.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் சேற்று நீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதற்கு அதிகச் செலவில்லை. கழற்றிய பிளக்கைத் தரையில் போடாமல் வாய் கீழாகத் தொங்கவிடுங்கள். ஃபியூஸ் போனால் கம்பி சுற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். டிரெய்லரில் வெல்டிங் வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும், தோகை தொங்கி விளக்கை மறைத்தால் பயனில்லை. பாரம் ஏற்றியதும் பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையும் ஒட்டிவிடுங்கள், அதற்கு ஒயரே தேவையில்லை.

இன்னொன்று: சில டிராக்டர்களில் பிரேக் விளக்கு சுவிட்ச் ஒரு பெடலில் மட்டுமே இருக்கும். வயலில் பிரித்து வைத்த இரண்டு பெடல்களையும் சாலைக்கு வந்ததும் கொக்கி போட்டு இணைக்காவிட்டால், மறு பெடலை மிதிக்கும்போது விளக்கு எரியாது. டிராக்டரும் ஒரு பக்கம் இழுக்கும். பின்னாலிருந்து பாரம் தள்ளும்.