விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் மொழி. சொல்லுதற்கு எளிது. ஆனால் நூறு முளைகள் ஒன்றுபோல் நிற்கும் பாத்தியின் வரம்பிலே ஒருவரை நிறுத்தி, இவற்றுள் எது கதிர் தள்ளும், எது பதராகும் என்று சுட்டிக்காட்டும்படி கேட்டுப் பாருங்கள். எத்துணை அனுபவமுள்ள கமக்காரரும் சற்றே தயங்குவார்.

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வாரஇறுதிக் காலையில் நடந்து செல்பவர்கள் இருவகைச் சிறுவரைக் காண்பார்கள். ஒரு சாரார் புத்தகப் பையுடன் ரியூஷன் வகுப்புக்கு விரைகிறவர்கள். மறு சாரார் தம் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமான கிரிக்கெட் பையைத் தோளிலே சுமந்து பயிற்சிக்குப் போகிறவர்கள். கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். அங்கே வீடுகள் நெருங்கி நிற்பதால் பந்து அயல்வீட்டு முற்றத்திலே விழுந்து வசை வாங்குவது மட்டும் சற்று அதிகம். பைசுமக்கும் பையனின் பெற்றோருக்கு உள்ளூர ஒரு கேள்வி உண்டு. பிள்ளையிடம் மெய்யாகவே ஏதேனும் இருக்கிறதா? சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறதே, இத்துடன் நிறுத்திவிடலாமா? இதற்கு விடை கூறத்தக்கவர் யார் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

இக்கேள்விக்கு விடை காண்பதை ஒரு பெருந்தொழிலாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படி அவர்களுக்குப் பேஸ்போல். அங்கே 1965ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வருடமும் தொழில்முறைக் குழுக்கள் ஒன்றுகூடி, உயர்நிலைப் பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் விளையாடும் இளைஞரை முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. ‘டிராஃப்ட்’ என்பது அதன் பெயர். முன்னைய ஆண்டிலே தோல்வியால் துவண்ட குழுவுக்கு முதலில் கைநீட்டும் உரிமை கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நியாயம். பந்தியிலே பசித்தவனுக்கு முதலில் இலை போடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

தெரிவு நாளுக்குப் பல மாதங்கள் முன்பாகவே குழுக்களின் பார்வையாளர்கள் ஊரூராகச் சுற்றத் தொடங்கிவிடுகிறார்கள். கையிலே ஒரு நிறுத்தற் கடிகாரம். பந்தின் வேகத்தை அளக்கும் ராடர் கருவி. மடியிலே குறிப்புப் புத்தகம். பையன் பந்தைத் தவறாது அடிக்கிறானா, வலுவாக அடிக்கிறானா, எவ்வளவு விரைவாக ஓடுகிறான், எவ்வளவு தூரம் எறிகிறான், களத்திலே பந்தை எப்படித் தடுக்கிறான் என ஐந்து திறன்களைத் தனித்தனியே நோக்கி, இருபதிலிருந்து எண்பது வரை புள்ளியிடுவார்கள். ஐம்பது என்றால் தொழில்முறை வீரரின் சராசரி என்று பொருள். வேடிக்கை என்னவெனில், ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று இன்றைய பையனுக்கு. மற்றையது இன்னும் சில ஆண்டுகளில் அவன் ஆகப்போகும் மனிதனுக்கு. அந்த இரண்டாவது புள்ளியை இடுவதற்காகப் பையனின் தோளகலத்தையும் மணிக்கட்டையும் நோக்குவதுடன் நில்லாது, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் தகப்பனார் எவ்வளவு உயரம் என்றும் ஒரு கண் வைப்பார்களாம். நம்மவர்கள் பெண்பார்க்கப் போகும்போது செய்யும் வேலைதான்.

இவ்வளவு அளந்தும் விளைந்தது என்ன? 1966ஆம் ஆண்டில் நியூயோர்க் மெற்ஸ் குழுவினர் எல்லோருக்கும் முதலாவதாக ஸ்டீவ் சில்கொட் என்ற பாடசாலை இளைஞரைத் தெரிவு செய்தனர். தோளிலே காயம் வந்தது. உயர்மட்ட லீக்கிலே ஒரேயொரு நாள்கூட ஆடாமல் அவரது விளையாட்டு வாழ்வு முடிந்தது. அதே நாளில் இரண்டாவதாகத் தெரிவானவர் ரெஜி ஜக்சன். நமது ஆறு ஓட்ட அடிக்கு நிகரான ‘ஹோம் ரன்’ அடிகளை 563 தடவை அடித்து அழியாப் புகழ் பெற்றவர் அவர். 1988ஆம் ஆண்டிலோ கதை இன்னும் விந்தையானது. மைக் பியாசா என்ற இளைஞரின் பெயர் 1390ஆவதாக வந்தது. அதுவும் திறமையைக் கண்டு அன்று. குடும்ப நண்பரான ஒரு பயிற்றுநரின் சொல்லுக்காக. நமது விக்கெட் காப்பாளருக்கு நிகரான இடத்திலே நின்று அவர் வரலாறு படைத்தார். 2016இல் பேஸ்போல் உலகின் அதியுயர் கௌரவப் பட்டியலில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அவருக்கு முன்னே ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேரைப் பார்வையாளர்கள் சிறந்தவர் என்று குறித்திருந்தனர் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

நம் அண்டை நாட்டிலும் இப்படியொரு சோதனை நடந்ததுண்டு. பேஸ்போலைக் கண்ணாலும் கண்டிராத இந்திய இளைஞரிடையே 2008இல் பந்தெறியும் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. வேகமும் குறியும் மட்டுமே அளவுகோல். ஈட்டியெறியும் வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இருவர் தேறி அமெரிக்கா சென்றனர். அவ்வாண்டே பிற்ஸ்பேர்க் பைரட்ஸ் குழு அவர்களை ஒப்பந்தம் செய்தது. கை இருந்தது, ஆட்டம் பழகச் சிறுபிராயம் இருக்கவில்லை. இருவரும் கீழ்மட்ட லீக்குகளுக்கு அப்பால் ஏறவில்லை. அவர்களைப் பற்றித் திரைப்படம் எடுக்கும் அளவுக்குப் புகழ் கிடைத்தது என்னவோ உண்மைதான்.

இனி நம் கொழும்புக்குத் திரும்புவோம்.

இலங்கையிலே நெடுங்காலம் ‘டிராஃப்ட்’ என்று ஒன்று இருக்கவில்லை. பாடசாலையே தெரிவுச் சபை. பதின்மூன்று வயதுக்குட்பட்டோர், பதினைந்து, பதினேழு, பத்தொன்பது எனப் படிப்படியாக ஏறி, மார்ச் மாதப் பெரும்போட்டியிலே பெயரெடுப்பவனைக் கழகங்கள் தேடிவரும். கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ற் கல்லூரியில் விளையாடிய ரஞ்சித் பெர்னாண்டோ 1975ஆம் ஆண்டு முதலாவது உலகக் கிண்ணப் போட்டிவரை சென்றது இந்த ஏணியில் ஏறித்தான். ‘ஒப்சேவர்’ பத்திரிகையின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருதும் ஒரு பெரிய உரைகல்லாக விளங்கிற்று. 1979இல் அதனை முதன்முதல் பெற்றவர் ரஞ்சன் மடுகல்ல. அடுத்து வந்த ஆண்டுகளில் அர்ஜுன ரணதுங்க. 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி பொறளையை அடுத்த சரவணமுத்து மைதானத்திலே தொடங்கியபோது, ரணதுங்க இன்னும் பாடசாலை மாணவர். நாட்டின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை அடித்தவரும் அவரே. இங்கே முளையிலே தெரிந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே விருதை 1991இல் பெற்றவர் முத்தையா முரளிதரன். ஆனால் இவருடைய முளை அவ்வளவு நேராக முளைக்கவில்லை.

கண்டியிலே பிஸ்கட் தொழில் செய்த குடும்பத்தின் பிள்ளை. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி மாணவர். பதினான்கு வயது வரை அவர் வீசியது மிதவேகப் பந்து. அன்று ஒரு பார்வையாளர் நிறுத்தற் கடிகாரத்துடன் வந்து வேகத்தை அளந்திருப்பாராயின் என்ன எழுதியிருப்பார்? ‘சாதாரணம்’ என்று எழுதிப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ வேறொன்றைக் கண்டார். சுழற்பந்து வீசிப்பார் என்றார். அந்த ஒரு வார்த்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும். கடைசி இரண்டு பாடசாலைப் பருவங்களில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள்.

பாடசாலை முடிந்ததும் கொழும்பு வந்து, 1899இல் நிறுவப்பெற்ற தமிழ் யூனியன் கழகத்திலே சேர்ந்தார். 1991இல் இலங்கை ‘ஏ’ அணியுடன் இங்கிலாந்து சென்றார். ஐந்து போட்டிகள் ஆடினார். வீழ்த்திய விக்கெட்டுகள் எத்தனை? ஒன்றுகூட இல்லை! வெறுங்கையுடன் திரும்பிய இளைஞனின் பெயருக்கு நேரே கோடு கிழிப்பதற்கு எந்தத் தெரிவாளருக்கும் அப்போது போதிய காரணம் இருந்தது. கிழிக்கவில்லை. 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியருக்கெதிரான பயிற்சிப் போட்டியொன்றிலே திறமை காட்டி, அம்மாதமே கெத்தாராம பிரேமதாச மைதானத்தில் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார். கொட்டாஞ்சேனைவாசிகள் பலருக்கு அது பக்கத்து மைதானம். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2010 ஜூலையில், காலியிலே தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டுடன் அவர் விடைபெற்றார்.

கண்ணின் தீர்ப்புக்கும் கருவியின் தீர்ப்புக்கும் இடையே நடந்த பெரு வழக்கும் அவரைப் பற்றியதே. 1995ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், மெல்பேர்ண் நகரிலே நடுவர் டெரல் ஹெயார், முரளிதரன் பந்தை எறிகிறார் என ஏழு தடவை தீர்ப்பளித்தார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவரது கை பரிசோதிக்கப்பட்டது. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை. அது எறிவது போன்ற தோற்றத்தைக் கண்ணுக்குத் தருகிறது என்று 1996இல் முடிவு கூறினர். ஆகவே கருவிகளை நாம் முற்றாக இகழ்வதற்கில்லை. அவை பையனின் பக்கம் நின்று சாட்சி சொல்லும் நாளும் உண்டு.

அளப்பவர்கள் மட்டும் சரியாக அளக்கவேண்டும். 1948 மார்ச்சில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் நம் மகாதேவ சதாசிவம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் பிராட்மனுக்கு ஐயம் தட்டியது. அளந்து பார்த்தால், இருபத்திரண்டு யார் இருக்கவேண்டிய ஆடுகளம் இருபது யார்தான் இருந்தது!

அண்மைக் காலத்தில் நம் நாட்டுக்கும் ‘டிராஃப்ட்’ வந்து சேர்ந்தது. 2020இல் லங்கா பிரீமியர் லீக் போட்டிக்கான வீரர்கள் அம்முறையிலேயே பங்கிடப்பட்டனர். 2023இல் அது ஏலமாக மாறிற்று. முதலாண்டிலே யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணியில், யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் இடம்பெற்றார். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் களமிறங்கி, அஞ்சலோ மத்யூஸை ஆட்டமிழக்கச் செய்தார். 2024இல் ஐதராபாத் அணிக்காக இந்தியாவிலும் ஆடினார். பதினைந்தாவது வயதில் கொழும்புத் தெரிவாளர் ஒருவர் அவரைக் காண வேண்டுமாயின் எத்தனை மணிநேரம் பஸ்ஸில் போயிருக்கவேண்டும் என்று எண்ணிப்பாருங்கள்.

இங்கேதான் நமக்கு உள்ள கவலையைச் சொல்லவேண்டியிருக்கிறது. தெரிவாளரின் கண் எவ்வளவு கூர்மையாயினும், தன் முன்னே நிற்பவனைத்தான் காணும். சொந்த மைதானம் இல்லாத தமிழ்ப் பாடசாலைகளின் பிள்ளைகள், கடற்கரையிலும் ஒழுங்கையிலும் ரென்னிஸ் பந்துடன் வளர்கிறவர்கள், அந்தக் கண்முன் வருவதேயில்லை. வருகிறவர்களுக்குள்ளும் ஒரு சதி உண்டு. 1980களில் கனடாவின் பனி ஹொக்கி வீரர்களது பிறந்த மாதங்களை ஆராய்ந்தவர்கள், வயதுக் கணக்கு தொடங்கும் மாதங்களை அடுத்துப் பிறந்தவர்களே மிகுதியாகத் தெரிவாகியிருப்பதைக் கண்டனர். ஒரே வயதுப் பிரிவில் ஒருவன் மற்றவனைவிடப் பதினொரு மாதம் மூத்தவனாக இருக்கலாம். பதின்மூன்று வயதிலே அது நாலு விரற்கடை உயரம். உயரத்தைத் திறமையென்று எண்ணி ஒருவனை ஏற்றிவிடுகிறோம். இளையவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மீசை அரும்பும் வேளையில் அவன் வளர்ந்துவிடுகிறான். அப்போது பந்து அவன் கையில் இருப்பதில்லை.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பதின்மூன்றில் பையனைத் தூக்கித் தலையில் வைப்பதும், பதினைந்தில் ஒரு ஆட்டத்தில் பூச்சியம் எடுத்தான் என்று மட்டையைப் பறித்து அலுமாரியில் பூட்டுவதும் நம் வீடுகளில் நாம் கண்ட காட்சிகளே. படிப்பைக் கைவிடும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. அமெரிக்காவிலேகூடத் தெரிவான இளைஞரில் மிகப் பெரும்பாலோர் உயர்மட்ட லீக்கை எட்டிப் பார்ப்பதில்லை. பரீட்சை அட்டவணையும் பயிற்சி அட்டவணையும் ஒரே சுவரில் தொங்கினால் குடி முழுகிவிடாது என்றே சொல்லுகிறோம்.

சென்ற பருவத்தில் பாடசாலைப் போட்டியொன்றைக் காணச் சென்றிருந்தோம். மரநிழலிலே வேட்டி சால்வையுடன் முதியவர் ஒருவர் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருடமாகப் பாடசாலைக் கிரிக்கெட் பார்க்கிறாராம். எப்படி மதிப்பிடுவீர்கள் ஐயா என்று கேட்டோம்.

“தம்பி, அடிச்ச அடியைப் பாராதையும். அவுட்டாகித் திரும்பி வரேக்கை பொடியன் என்ன செய்யிறான் எண்டு பாரும். மட்டையை எறியிறானோ, இல்லாட்டி மற்றப் பக்கம் நிக்கிறவனுக்குப் பந்து எப்பிடித் திரும்புது எண்டு சொல்லிப்போட்டு வாறானோ?”

அப்போது மெலிந்த சிறுவன் ஒருவன் பந்து வீச வந்தான். காற்சட்டை அவனுக்குச் சற்றுப் பெரிது, அண்ணனுடையதாக இருக்கலாம். இவனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றோம்.

“இரண்டு வரியம் கழிச்சுக் கேளும்” என்றார்.

பையன் ஓடிவந்து வீசினான். பந்து லெக் பக்கமாக வெகுதூரம் விலகிச் சென்று, விக்கெட் காப்பாளரையும் தாண்டி எல்லைக் கயிற்றைத் தொட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை, தன் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் ஓட்டத்தின் தொடக்கத்துக்கு நடந்தான். முதியவர் கச்சான் சரையை எங்கள் பக்கம் நீட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.